அவகாசம்

எல்ம்விக், மினசோட்டா
நவம்பர் 12

அன்புள்ள தம்பி வெண்டல்,

நானும் என் இடுப்பும் இப்போதைக்கு ஒத்துப்போகிறோம். உன் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? வாஷிங்டனில் உப்பைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதமே எழுதுவோம் என்று நீ சொன்னாய். அதுவும் சரிதான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

ஏரியின் ஓரங்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. உறைந்த ஏரிமேல் ஏற்றி வைத்து உள்ளே உட்கார்ந்து தூண்டில் போட ட்ரெவர் புதுசாக ஒரு மீன்குடில் கட்டி முடித்துவிட்டான். அவன் அப்பாவுடையதைவிட ஒரு முழம் நீளம். அதில் வைக்க கேஸ் ஹீட்டரும் வாங்கி வந்துவிட்டான். பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்தேன்.

"இது அப்பா வெச்சிருந்த அதே கம்பெனி ஹீட்டர்தானேடா?"

"அதில்லம்மா. இது புது மாடல்."

"புதுசுல என்ன புதுசு?"

"கலர்."

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் அத்தான் ஆர்லனைத் தேடிக் குடிலுக்குப் போனபோது தூண்டில் அவர் கையிலேயே இருந்தது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார் என்றே நினைத்து, எழுப்புவதற்காகத் திட்டவும் செய்தேன். உள்ளே காற்று கெட்டதும் தானாக அணைகிற ஒரு சின்னக் கருவி அந்த ஹீட்டரில் இருந்திருந்தால் அவர் இன்றைக்கு இருப்பார். இதை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கருவியைக் கட்டாயமாக்கும் விதி உன் மேஜையில்தான் இருக்கிறது.

ட்ரெவரிடம் மன்றாடிப் பார்த்தேன். "கவர்ன்மென்ட் இது கூடாதுன்னு சொல்லட்டும்மா, அன்னிக்கே கழட்டிக் குப்பையில போட்டுடறேன். நீ சொல்றேங்கறதுக்காகப் போட முடியாது" என்கிறான். முப்பது வயதுக்காரனை மடியில் போட்டு அடிக்கவா முடியும்? அவன் சொன்ன சொல் தவறாதவன், அதில் அப்பனைக் கொண்டிருக்கிறான். ஆகவே நீதான் எனக்கு கவர்ன்மென்ட். ஆணையத்தில் நீங்கள் ஐந்து பேரும் எப்போது ஓட்டுப் போடப்போகிறீர்கள்?

பதிலில் தேதி இருக்கட்டும்.
உன் அக்கா மார்னா

---

வாஷிங்டன்
நவம்பர் 23

அன்புள்ள அக்கா,

உப்பைக் குறைத்துவிட்டேன். சாப்பாட்டில் சுவையும் குறைந்துவிட்டது. உன் இடுப்புக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, அல்லது செய்வதாக டாக்டரிடம் சொல்கிறாயா?

இதைக் கையால் எழுதுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டினால் அது அரசாங்கத்தின் சொத்தாகிவிடும். விதியைப் பற்றி உன்னிடம்கூட அதிகம் பேசக்கூடாது. வீட்டுச் சாதனப் பாதுகாப்பு ஆணையம் என்கிற எங்கள் ஆபீஸின் முறைகள் வெளியில் இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து வேலை விஷயம் பேசினால் அது சட்டப்படி கூட்டமாகிவிடும், பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அதனால் லிஃப்டில் நானும் இன்னொரு உறுப்பினர் பிரிசில்லாவும் இருக்கும்போது மூன்றாவது உறுப்பினர் ஏறினால் ஒருவர் இறங்கிவிடுவோம். பிரிசில்லா எப்போதும் என்னைத்தான் இறக்கிவிடுவாள். "உங்களுக்குத்தான் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, இறங்குங்க."

ஓட்டும் கையைத் தூக்கிப் போடுவதல்ல. ஒரு தாள் அறை அறையாக வரும். அதில் மூன்று கட்டங்கள்: ஆமோதிக்கிறேன், எதிர்க்கிறேன், அவகாசம் வேண்டும். ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்த பிறகு அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆர்லன் என் அத்தான் என்பதால் நான் ஓட்டுப் போடலாமா என்று எங்கள் நெறிமுறை அதிகாரியிடம் கேட்டேன். நீ அந்தக் கம்பெனிமேல் வழக்குப் போடவில்லை, அதனால் தடையில்லை என்றார். மூன்று பேர் ஆதரவு உறுதி. டிசம்பர் பத்தாம் தேதி தாள் வரும். நீ கேட்ட தேதி இதுதான்.

ட்ரெவரிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.
உன் தம்பி வெண்டல்

---

எல்ம்விக்
டிசம்பர் 15

தம்பி,

பத்தாம் தேதி போய் ஐந்து நாளாகிவிட்டது. தபாலும் இல்லை, போனும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே ஏரியில் உறைபனி ஐந்து அங்குலக் கனம். முதல் பதினைந்து குடில்கள் ஏரிமேல் ஏறிவிட்டன. ட்ரெவருடையது அடுத்த சனிக்கிழமை ஏறும். பத்தாம் தேதி வரை பொறுடா என்று சொல்லி வைத்திருந்தேன். "பத்து போயிடுச்சேம்மா" என்கிறான். நான் உறவுக்காரன் தேதியை நம்பிப் பெரிய மனுஷி மாதிரி பேசியிருந்தேன். அசடு வழிகிறது.

அவனுக்கும் எனக்கும் சாப்பாட்டு மேஜையில் தினம் ஒரு சண்டை. புது ஜனாதிபதிக்குத்தான் அவன் ஓட்டுப் போட்டான், உனக்குத் தெரியும். நேற்று கேட்டான்: "ஜனாதிபதிக்கு நாங்க ஓட்டுப் போட்டோம். மாமாவுக்கு யாரு போட்டாங்க? ஓட்டே வாங்காத அஞ்சு பேர் ஊருக்கெல்லாம் சட்டம் போடுவாங்களாம். அவங்க தப்புப் பண்ணா யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கை அவன் தட்டில் போட்டேன். நீ படித்தவன், நீ பதில் எழுது. அப்படியே ஓட்டு என்னாயிற்று என்பதையும் எழுது.

உன் அக்கா மார்னா

---

வாஷிங்டன்
டிசம்பர் 22

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஓட்டு ஜனவரி பதினான்காம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆபீஸில் இதெல்லாம் சகஜம், கவலைப்பட ஒன்றும் இல்லை.

ட்ரெவர் கேட்டது நல்ல கேள்வி. அவனிடம் இப்படிச் சொல். எங்களை நியமிப்பது ஜனாதிபதிதான், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உட்கார வைத்த பிறகு, நினைத்தபோது எழுப்பிவிட முடியாது. ஏழு வருஷம். ஒழுங்காக வேலை செய்யவில்லை, லஞ்சம் வாங்கினான் என்று காரணம் காட்டினால்தான் நீக்கலாம். ஏன் இப்படி? ஹீட்டர் செய்கிற முதலாளி ஜனாதிபதிக்கு போன் பண்ணலாம். எனக்கும் பண்ணலாம். ஆனால் அந்த போனுக்காக என் வேலை போகாது என்றால் நான் ஹீட்டரை மட்டும் பார்ப்பேன். மாமா பயப்படாமல் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் அந்த நாற்காலியை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. வேலை குவிந்து கிடக்கிறது. எனக்கும் சேர்த்து லெஃப்சா ரொட்டி நீயே சாப்பிட்டுவிடு.

எல்லோருக்கும் என் அன்பு.
வெண்டல்

---

எல்ம்விக்
ஜனவரி 9

தம்பி,

லெஃப்சா சாப்பிட்டேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. இடுப்பு ஒரு சுற்றுக் கூடிவிட்டது. பாவம் உன் தலைமேல்.

உன் பதிலை ட்ரெவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டான். "ஆணியடிச்ச நாற்காலில உக்காந்துகிட்டு மாமா கையெழுத்துப் போட்டாச்சா?" என்றான். இல்லையடா என்றேன். "அப்புறம் ஆணி எதுக்கு?" என்று எழுந்துபோய்விட்டான். வாய்க்கொழுப்பு. ஆனால் எனக்கும் அதே கேள்விதான்.

தள்ளிவைத்தது யார் என்று நீ எழுதவில்லை. கம்பெனிக்காரர்களா? உங்கள் ஐந்து பேரில் இருக்கிற அந்த லாங்ஃபர்டா? அவர் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு என்று போன வருஷம் சொன்னாயே.

ட்ரெவர் எனக்காக விஷவாயு எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் குடிலில் மாட்டினான். மூன்றாம் நாளே குளிரில் பேட்டரி செத்துவிட்டது. பகலில் ஏரிக்கரையில் நின்று அவன் குடிலின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்து என்ன பயன் என்று கேட்காதே.

பதினான்காம் தேதியே எனக்கு எழுது.
மார்னா

---

வாஷிங்டன்
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. இந்த முறை மன்னிப்பு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. உன் இடுப்பு தேவலையா?

நடந்ததைச் சொல்கிறேன். பதினான்காம் தேதி லாங்ஃபர்ட் தன் பங்குக்கு அவகாசம் கேட்டார். ஒரு விஷயத்துக்கு ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தடவை கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் மறுப்பதும் இல்லை. ஆணையம் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கும் மரியாதை அது. ஓட்டு இருபத்தெட்டுக்குப் போனது. இருபதாம் தேதி புது ஜனாதிபதி பதவியேற்றார். மறுநாளே லாங்ஃபர்டைத் தலைவராக்கினார். லாங்ஃபர்ட் ஓட்டு நடப்பதற்கு முன்பே எங்கள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு உத்தரவு வந்தது. இனி எந்த ஆணையமும் எந்த விதியையும் வெள்ளை மாளிகைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்காமல் வெளியிடக்கூடாது. சட்டத்துக்கு என்ன பொருள் என்று ஜனாதிபதி சொல்கிறாரோ அதுதான் எங்களுக்கும் பொருள். எங்கள் வக்கீல்கள் அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை பிரிசில்லாவையும் இன்னொரு உறுப்பினர் டெஸ்மண்டையும் நீக்கிவிட்டார்கள். இரண்டே வரியில் ஒரு மெயில். காரணம் எதுவும் இல்லை. பிரிசில்லா சாப்பிட வெளியே போயிருந்தாள், திரும்பி வந்தபோது வாசல் கதவு அவள் அட்டையை ஏற்கவில்லை. ஆறு வருஷமாக அவளுக்குக் காலை வணக்கம் சொன்ன காவலாளி, "மேடம், என்னைத் தப்பா நெனைக்காதீங்க, மேலேர்ந்து சொல்லியிருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவளுடைய கோட்டை நான்தான் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஆணையம் நடக்க மூன்று பேராவது வேண்டும் என்பதால் என்னை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

விதி இனி வராது என்று நினைக்கிறேன். உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ட்ரெவரைப் பார்த்துக்கொள்.
வெண்டல்

---

எல்ம்விக்
பிப்ரவரி 27

தம்பி,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன்.

நூலகத்தில் வேலை பார்க்கும் போனி எனக்குச் சில தாள்களை எடுத்துக் கொடுத்தாள். படித்தேன்.

ட்ரெவரின் குடில் இன்னும் ஏரியில்தான் இருக்கிறது. மார்ச் நடுவில் கரைக்கு இழுத்துவிட வேண்டும், அது மாநிலச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள்.

எனக்கு நீ சொல்ல வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் எழுது.

மார்னா

---

வாஷிங்டன்
மார்ச் 24

அன்புள்ள அக்கா,

உன் போன கடிதம் சுருக்கமாக இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்.

என்னையும் நீக்கிவிட்டார்கள். பதினெட்டாம் தேதி, விதியை ஒரேயடியாகக் கைவிடுவதாக ஒரு தாள் வந்தது. லாங்ஃபர்டே கொண்டுவந்தார். என்றைக்கும் இல்லாத அன்பு. "வெண்டல், நீங்க எதுத்துக் கையெழுத்துப் போட்டாலும் ரெண்டுக்கு ஒண்ணு, ஒண்ணும் மாறப்போறதில்ல. எதுக்கு வீண் மனஸ்தாபம்? பேசாம ஆமோதிச்சுட்டு மிச்ச நாலு வருஷத்த நிம்மதியா ஓட்டுங்க" என்றார். எதிர்க்கிறேன் என்ற கட்டத்தில் குறியிட்டேன். மறுநாள் காலை இரண்டு வரி மெயில் எனக்கும் வந்தது.

பிரிசில்லா வழக்குப் போடுகிறாள், என்னையும் சேர்ந்துகொள்ளச் சொல்கிறாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பறவைகளுக்குத் தீனி போடுகிறேன்.

வெண்டல்

---

எல்ம்விக்
ஏப்ரல் 16

தம்பி வெண்டல்,

இங்கே எல்லோரும் சுகம். ஏரி உருகிவிட்டது. ட்ரெவர் ஒரு குளிர்காலம் பிழைத்துவிட்டான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் படம் நம் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. "மீனவர்களுக்காக வேலையை இழந்த நம் ஊர்க்காரர்." உன் உயர்நிலைப் பள்ளிப் படம், அந்தத் தலைமுடியோடு. சர்ச்சில் காபி நேரத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். ஏரி மீனவர் சங்கத்து கிளிஃபர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்னா, உன் தம்பி ஜனாதிபதிக்கே முடியாதுன்னு சொன்ன ஆளு. இந்த ஊருல அப்படி ஒருத்தன் இருக்கான்னா பெருமையா இருக்கு" என்றார். அக்டோபரில் சங்கத்தின் விருந்தில் உன்னை மேடையேற்றி உன் பெயர் பொறித்த பாராட்டுப் பலகை ஒன்று கொடுக்கப்போகிறார்களாம். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டேன். என்ன சொல்கிறாய்?

மார்னா

---

வாஷிங்டன்
மே 6

அக்கா,

வேண்டாம் என்று சொல்லிவிடு. முதலில் எழுதிய கடிதத்தில் எனக்கு அதற்குத் தகுதியில்லை என்று பணிவாக எழுதினேன். படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அது பணிவில்லை, ஒளிந்துகொள்வது.

டிசம்பர் பத்தாம் தேதி தாள் என் மேஜைக்கு வந்தபோது பிரிசில்லாவும் டெஸ்மண்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது என்னுடையது. அன்றைக்கே நான் போட்டிருந்தால் மூன்றுக்கு இரண்டில் விதி நிறைவேறியிருக்கும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அரசிதழில் வந்திருக்கும். வந்துவிட்ட விதியைக் கழற்ற இரண்டு வருஷமாவது ஆகும். வராத விதியைக் கொல்ல ஒரு காலைப்பொழுது போதும்.

நான் அவகாசம் வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டேன். தள்ளிவைத்தது நான்தான்.

அதற்கு முன்தினம் லாங்ஃபர்ட் என் அறைக்கு வந்தார். இரண்டு பேர் பேசலாம், அது கூட்டமில்லை. "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க வெண்டல், வாசகத்த ரெண்டு எடத்துல மாத்தினா நானும் வந்துடறேன். நாலு பேர் கையெழுத்து இருந்தா நாளைக்கு எவனும் கை வைக்க மாட்டான்" என்றார். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் நான் கற்றது அதுதான்: மூன்றைவிட நான்கு நல்லது, யார் மனமும் கோணக்கூடாது, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஏமாற்றுகிறாரா என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. இப்போதும் தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. அத்தானுக்காக அவசரப்பட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று பார்த்தேன். என்னை நியாயவான் என்று லாங்ஃபர்ட் நினைக்க வேண்டும் என்பதற்காக உன் பிள்ளையை ஏரியில் உட்கார வைத்தேன்.

தப்புப் பண்ணினால் யாரிடம் போய்க் கேட்பது என்று ட்ரெவர் கேட்டான். நான் நாற்காலியைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் கதை எழுதினேன். நான் செய்த தவறுக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா. சரியாகச் செய்த ஒரே கையெழுத்துக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு இப்போது பலகையும் தருகிறார்கள்.

உன்னிடம் ஐந்து மாதம் மறைத்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

வெண்டல்

---

எல்ம்விக்
மே 19

வெண்டல்,

பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நீதானே எழுதினாய்? போனி அந்தத் தாளைத்தான் அச்செடுத்துக் கொடுத்தாள். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாய்!

நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். போனி பார்க்காத மாதிரி புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். மார்ச்சில் சொல்லவில்லை. அதனால்தான் பலகைச் செய்தியை அப்படியே எழுதினேன். இதற்குமேல் உன்னால் தாங்க முடியாது என்று தெரியும்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஜனாதிபதிமேல் கோபப்படுவது சுலபம், அவர் எனக்குத் தம்பி இல்லை.

விருந்துக்கு நீ வர வேண்டும். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ட்ரெவரிடம்கூட. மேடையில் நின்று நீயே சொல். பிரிசில்லாவின் வழக்கிலும் சேர்ந்துகொள், அவளையாவது தனியாக விடாதே.

உப்பு விஷயத்தில் கவனம்.
மார்னா

---

வாஷிங்டன்
அக்டோபர் 21

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாக்லேட் வில்லைகளை விமானத்திலேயே தீர்த்துவிட்டேன். பிரிசில்லாவின் வழக்கில் சேர்ந்துவிட்டேன். வக்கீல்கள் நம்பிக்கையோடு பேசுகிறார்கள், அது அவர்கள் தொழில்.

விருந்தில் நடந்தது இன்னும் ஆறவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன், நீயும் கேட்டாய். தேதியைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டிருந்தால் விதி வந்திருக்கும் என்று இரண்டு தடவை சொன்னேன். திட்டுவார்கள், குறைந்தது எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றுதான் கைதட்டினார்கள்! கிளிஃபர்ட் என் தோளில் தட்டி, "பாத்தீங்களா, இவ்வளவு செஞ்சுட்டும் பேரு தனக்கு வேணாங்கறாரு. நம்ம ஊரு வளர்ப்பு அப்படி" என்றார். பெருமையடித்துக்கொள்வதை அசிங்கமாகப் பார்க்கிற ஊரில் வளர்ந்தேன். அங்கே ஒருவன் தன்மேல் குற்றம் சொன்னால் அதை அடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதை மறந்துவிட்டேன். கையில் பலகையைத் திணித்துவிட்டு இனிப்புத் தட்டை நீட்டினார்கள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பலகையைப் பரணில் போட்டிருக்கிறேன். ட்ரெவர் மட்டும் கைதட்டவில்லை. கவனித்தேன். அவன் என்ன சொன்னான்?

வெண்டல்

---

எல்ம்விக்
டிசம்பர் 18

அன்புள்ள தம்பி,

எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது, வாழ்த்து அட்டைக்கு நன்றி. இடுப்பும் அறுபத்தாறுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறது.

ட்ரெவர் என்ன சொன்னான் என்று கேட்டிருந்தாய். விருந்து முடிந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான். அப்புறம், "மாமா நெசமாத்தான் சொன்னாரு, இல்லம்மா?" என்றான். ஆமாம் என்றேன். "எதுக்குக் காத்துக்கிட்டிருந்தாராம்?" என்றான். "எல்லாருக்கும் நல்லவனா இருக்கணும்னு" என்றேன். "நான் ஓட்டுப் போட்ட ஆளு அந்த விதிய ஒரே நாள்ல ஒழிச்சுட்டாரு" என்றான். அதைப் பெருமையாகச் சொல்கிறானா வருத்தமாகச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

போன சனிக்கிழமை குடிலை மறுபடி ஏரிமேல் ஏற்றினான். அதே ஹீட்டர். சட்டம் வந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன், வரவில்லையே என்கிறான். சொன்ன சொல் தவறாதவன் என்று நான்தானே உனக்கு எழுதினேன்.

அதனால் இப்போது தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நானும் பனிமேல் நடந்து அவன் குடிலுக்குப் போகிறேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அது சாத்திக்கொள்ளாதபடி என் காலை நடுவில் நீட்டிக்கொள்கிறேன். அவன் கிளம்பும்வரை அங்கேதான் இருக்கிறேன். மார்ச் வரைக்கும் இப்படித்தான். அடுத்த குளிர்காலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"குளுருதும்மா, கதவச் சாத்து" என்று அவன் தினம் திட்டுகிறான். காலை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா
மார்னா